சென்சரி பொம்மை வாங்கும் முன்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'சென்சரி டாய்', அதாவது புலன்களுக்கு வேலை தரும் பொம்மை, என்று ஆன்லைனில் தேடிப் பாருங்கள். ஒரே பொம்மை ஆட்டிசத்துக்கும் நல்லது, கவனக் குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த ஏ.டி.எச்.டி.க்கும் நல்லது, டவுன் சிண்ட்ரோமுக்கும் நல்லது, பேச்சு வராத பிள்ளைக்கும் நல்லது என்று போட்டிருக்கும். திருவிழாக் கடையில் குவித்து வைத்து விற்கிற, குமிழ்களை அழுத்தி விளையாடும் பாப் இட், அங்கே 'தெரபி டாய்' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு நிற்கும். பொம்மையில் குறை இல்லை. யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் வாங்குவதில்தான் சிக்கல். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, பாட்டுப் பாடி விளக்கு மின்னும் பொம்மையை ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டு, "தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்" என்று வருத்தப்படுகிற பெற்றோர் நிறையப் பேர்.

ஆகவே கடைக்குப் போவது இந்த வழிகாட்டியில் கடைசிப் பக்கத்து வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதல் படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

ஐம்புலன் நமக்குத் தெரியும். தெரபிஸ்ட்டுகள் இன்னும் மூன்றைச் சேர்ப்பார்கள். உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று. ஊஞ்சல் ஆடும்போது வேலை செய்வது இதுதான். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான். மூன்றாவது, பசி, தாகம், மூத்திரம் முட்டுவது போன்ற உள்ளுணர்வு. புலன்கள் தரும் செய்திகளை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதை ஒரு கோட்பாடாக வளர்த்து 1970களில் பரப்பியவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்). ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு அதிகமாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சேர்த்தது 2013இல்தான். அதுவரை 'அடம்', 'சேட்டை' என்ற பெயரில் பிள்ளைகள் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில், மிக்ஸி, கல்யாண வீட்டு மேளம், தீபாவளி வெடி இவற்றுக்குப் பிள்ளை என்ன செய்கிறது? தலைக்கு எண்ணெய் தேய்க்க, நகம் வெட்ட, முடி வெட்ட விடுகிறதா? சட்டைக் காலரில் உள்ள லேபிள் உறுத்துகிறதா? பிசைந்த சோறு கையில் ஒட்டினால் உடனே கழுவச் சொல்கிறதா, இல்லை முழங்கை வரை பூசிக்கொள்கிறதா? சோபாவிலிருந்து குதிக்கிறதா, சுவரில் மோதிக்கொள்கிறதா, சட்டை நுனியைக் கடித்துக் கிழிக்கிறதா, ஃபேனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறதா? நடந்ததை மட்டும் எழுதாமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை அடங்கியது எதனால் என்பதையும் எழுதுங்கள். அடங்கியது எதனால் என்பதில்தான் நமக்கு வேண்டிய பொம்மையின் துப்பு இருக்கும்.

இரண்டாம் படி: தேடுகிறதா, ஒதுங்குகிறதா?

எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். சில உணர்வுகளைப் பிள்ளை தேடிப் போகும். சிலவற்றிலிருந்து ஓடும். ஒரே பிள்ளை ஒரு புலனில் தேடும், இன்னொன்றில் ஒதுங்கும். ஒரே புலனிலேயே இரண்டும் நடக்கும்: அடுத்தவர் போடும் சத்தம் தாங்காத பிள்ளை தானே தட்டைத் தட்டி ஊரைக் கூட்டும். இதில் முரண்பாடு இல்லை. தான் எழுப்பும் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது அதற்குத் தெரியும்.

தேடும் புலனுக்குத்தான் பொம்மை. ஒதுங்கும் புலனைப் 'பழக்க' வேண்டும் என்று பொம்மை வாங்கிக் கையைப் பிடித்து அழுத்துவதை விட்டுவிடுங்கள். அது தெரபிஸ்ட் மேற்பார்வையில், பிள்ளையின் சம்மதத்தோடு, மெதுவாக நடக்க வேண்டிய வேலை. அப்புறம் இன்னொன்று: கை உதறுவதையும் ஆடுவதையும் நிறுத்துவதற்காகப் பொம்மை வாங்காதீர்கள். அது அந்தப் பிள்ளை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. தலையை மோதிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது போல உடம்புக்குக் காயம் உண்டாக்குகிறவற்றுக்கு மட்டுமே மாற்று தேட வேண்டும்.

மூன்றாம் படி: உடல்நிலை எதைத் தடுக்கிறது?

இதைச் சொல்லும் விளம்பரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வலிப்பு உள்ள பிள்ளைகளில் சிலருக்கு மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளிதான் பெரும்பாலும் ஆபத்து. படபடவென்று விட்டுவிட்டு மின்னும் பந்து, வாள், சுழல் விளக்கு எல்லாம் இதில் வரும். நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தில் மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே உறுதி குறைவாக இருக்கும். அதனால் 6 வயதுக்கு முன் டிராம்போலின் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் சொல்கிறது. 6 வயதுக்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டு, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குட்டிக்கரணமும் அப்படியே.

மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைக்குப் பொம்மையைவிட முதலில் பார்க்க வேண்டியது உட்காரும் நிலை. முதுகும் காலும் தாங்கப்படாவிட்டால், இருக்கிற சக்தியெல்லாம் விழாமல் இருப்பதற்கே போய்விடும். கைக்கு ஒன்றும் மிஞ்சாது. விழுங்குவதில் சிரமம் இருந்தால் கடிக்கும் பொம்மைக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒப்புதல் வேண்டும்.

காது கேட்க உள்ளே பொருத்தும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட் வைத்த பிள்ளையிடம் வலுவான காந்தப் பொம்மைகளைத் தராதீர்கள். பிளாஸ்டிக் சறுக்கு மரம், பந்துக் குளம் இவற்றில் உண்டாகும் நிலைமின்சாரம் பற்றிச் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு, தேவையானால் வெளிக்கருவியைக் கழற்றிவிட்டு விளையாட விடுங்கள்.

மண், சாக்பீஸ், சாம்பல் என்று உணவல்லாததைத் தின்னும் பழக்கம் இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். பொம்மை அப்புறம்.

நான்காம் படி: தேவையைப் பொம்மையோடு சேர்த்தல்

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தசைக்கும் மூட்டுக்கும் வேலை தருவதில் தொடங்குங்கள். இழுப்பது, தள்ளுவது, தூக்குவது, பிசைவது, பிழிவது. துள்ளிக் குதிக்கும் பிள்ளை இதில் அடங்கும், மந்தமாக இருக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் உதவும் உணர்வு இது ஒன்றுதான். இதற்குப் பொம்மையே தேவைப்படாது. சப்பாத்தி மாவு பிசைய விடுங்கள், ஈரத் துணி பிழிய விடுங்கள், குடத்தில் பாதி தண்ணீர் வைத்துத் தூக்கி வரச் சொல்லுங்கள், சைக்கிளுக்குக் காற்றடிக்க விடுங்கள். பள்ளியில் உட்கார முடியாத பிள்ளைக்கு, பழைய சைக்கிள் டியூபை நாற்காலியின் முன்கால்கள் இரண்டிலும் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். பிள்ளை காலால் அதை உதைத்துக்கொண்டே பாடம் கேட்கும். சத்தம் வராது, ஆசிரியர் பிடுங்கி வைக்கவும் முடியாது. கை சும்மா இருக்காமல் உருட்டுவதற்கென்று விற்கும் ஆயிரம் ரூபாய் ஃபிட்ஜெட்டைவிட இது எனக்குப் பிடிக்கும்.

கையில் வைத்துக்கொள்ளும் ஃபிட்ஜெட் வாங்கினால், பார்க்காமலே கையாள முடிகிறதா என்று பாருங்கள். 2017இல் உலகமே விரலில் வைத்துச் சுற்றிய ஸ்பின்னரில் உள்ள குறை அதுதான்: கை சுற்றும், கண்ணும் கூடவே போய்விடும். பிசையும் பந்து, முடிச்சுப் போட்ட கயிறு, சட்டைப் பைக்குள் ஒரு துண்டு வெல்க்ரோ இவை வகுப்புக்குப் பொருந்தும்.

அசைவைத் தேடும் பிள்ளைக்கு ஊஞ்சல். முன்னும் பின்னும் சீராக ஆடினால் மனம் அடங்கும். சுற்றினால் கிளர்ச்சி ஏறும். சுற்றியதன் விளைவு நிறுத்திய பிறகும் நீடிக்கலாம், எனவே தூங்கப் போகும் நேரத்தில் சுற்ற வேண்டாம். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள். ஆன்லைனில் விற்கும் துணி ஊஞ்சல் நம் தூளியின் உறவுக்காரன்தான். ஆனால் புடவைத் தூளியில் கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்த செய்தி அடிக்கடி வருவதை மறக்காதீர்கள். முறுக்கிச் சுற்ற விடக்கூடாது, தனியாக விடக்கூடாது, விளையாடி முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். கொக்கி கான்கிரீட் கூரையில் இருக்கட்டும். ஆடும்போது பிள்ளையின் எடையைவிடப் பல மடங்கு இழுவிசை விழும். ஃபால்ஸ் சீலிங்கோ துணி காயப்போடும் கொக்கியோ தாங்காது.

அழுத்தத்தைத் தேடும் பிள்ளைக்கு எல்லாரும் சொல்வது உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வை. டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர், மாடுகளுக்குத் தடுப்பூசி போடும்போது அடைத்துப் பிடிக்கும் கூண்டைப் பார்த்து, தன் உடம்பை அழுத்திக்கொள்ள ஓர் இயந்திரத்தை இளம் வயதிலேயே உருவாக்கினார். அழுத்தம் சிலருக்கு ஆறுதல் தரும் என்பது உண்மை. ஆனால் ஆட்டிசக் குழந்தைகளிடம் எடைப் போர்வையைச் சோதித்து 2014இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், தூக்கம் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம் ஊர் மே மாத வெக்கையில் அதைப் போர்த்திக்கொண்டு படுப்பது வேறு தண்டனை. மடியில் வைக்கும் பை போதும். இரட்டைத் துணியில் அரிசியோ புளியங்கொட்டையோ நிரப்பித் தைத்து, 20 கிலோ பிள்ளைக்கு ஒரு கிலோவுக்குள், பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். பிள்ளை தானாகத் தள்ளிவிட முடிய வேண்டும் என்பது கட்டாயம். மூச்சுக் கோளாறு, வலிப்பு, தசைத் தளர்ச்சி உள்ளவர்களுக்கும் மிகச் சின்னக் குழந்தைகளுக்கும் எடை எதுவும் வேண்டாம்.

கடிக்கிற பிள்ளைக்கு உணவுத் தரச் சிலிக்கானில் செய்த கடிப்பான். மெதுவாகக் கடிப்பவருக்கு மென்மையானது, பென்சிலை இரண்டாக்குகிறவருக்குக் கெட்டியானது. கழுத்தில் மாட்டும் வகை என்றால் இழுத்தவுடன் கழன்றுவிடும் பூட்டு இருக்க வேண்டும். நன்றாக மென்று விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு முறுக்கு, கரும்புத் துண்டு, கடலை மிட்டாய் கூடத் தாடைக்கு நல்ல வேலை.

பார்வைக் குறை உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் அவர்களுக்கென்று அநேகமாக ஒன்றுமே இருக்காது. கண்ணில் பழுதில்லாமல் மூளையில் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. குறைமாதத்திலோ பிறக்கும்போது மூச்சுத் திணறியோ பிறந்த பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். இவர்களுக்குப் பல வண்ணப் பொம்மை குழப்பம். சிவப்பு அல்லது மஞ்சள் என்று ஒரே நிறம், பின்னால் கறுப்புத் துணி, ஒரு நேரத்தில் ஒரே பொருள், லேசான அசைவு. மினுமினுக்கும் சிவப்பு ஜிகினாத் தாள் போதும்; பார்க்க நேரம் கொடுங்கள். முற்றிலும் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு டென்மார்க்கின் லில்லி நீல்சன் இரண்டு வழிகள் சொல்லிக்கொடுத்தார். ஒன்று 'சின்ன அறை': பிள்ளை படுத்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு பெட்டி, அதன் கூரையிலிருந்து கை படும் தூரத்தில் கரண்டி, மணி, தூரிகை, சாவிக்கொத்து தொங்கும். எதுவும் இடம் மாறாது என்பதால் பிள்ளை மறுபடியும் தேடிப் போய்த் தொடும். மற்றது அதிர்வுப் பலகை. நாலடிக்கு நாலடி மெல்லிய பிளைவுட், அதன் அடியில் ஓரம் சுற்றிலும் ஓர் அங்குல உயரச் சட்டம். தரையிலிருந்து தூக்கி நிற்பதால் அதன்மேல் கால் அசைந்தாலே ஒலியும் அதிர்வும் பிள்ளையிடம் திரும்பி வரும். தெருமுனை ஆசாரி ஒருவர் ஒரு மாலையில் செய்து கொடுத்துவிடுவார். இவர்களுக்கு எதையும் காட்டும்போது கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையைப் பிள்ளையின் கைக்குக் கீழே வைத்துப் பொருளைத் தொடுங்கள். விலகிக்கொள்ளும் உரிமை பிள்ளையிடம் இருக்கும்.

வளர்ந்த பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுக்காதீர்கள். பதினாலு வயதுப் பையனுக்கு ஒலி வேண்டுமென்றால் பறையோ தவிலோ. தண்ணீர் வேண்டுமென்றால் செடிக்குத் தண்ணீர் விடும் குழாய்.

ஐந்தாம் படி: பாதுகாப்பு

பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் மூச்சுக்குழாயைப் பற்றியது, அறிவைப் பற்றியது இல்லை. எட்டு வயதிலும் எல்லாவற்றையும் வாயில் போடும் பிள்ளைக்கு மூன்று வயதுக்குக் கீழ் உள்ள விதிதான். சிறு பாகங்களைச் சோதிக்கும் குழலின் விட்டம் 31.7 மி.மீ. அட்டையில் 32 மி.மீ. வட்டம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைவது எதுவும் வேண்டாம். பந்து என்றால் 45 மி.மீ.க்கு மேல் இருக்கட்டும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். பதிவு செய்த கைவினைஞர் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் கர்நாடகத்தின் சென்னப்பட்டணா மரப் பொம்மையில் முத்திரை இல்லை என்று பயப்பட வேண்டாம். வெட்பாலை மரத்தில் கடைந்து, அரக்கில் வண்ணம் கலந்து ஏற்றுவது அவர்கள் மரபு. சந்தேகம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டக்கூடாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை கண்ணால் பின்தொடர அருமையானது. காகிதக் கூழும் சாயமும் எச்சிலுக்குத் தாங்காது, பார்க்க மட்டும்.

வீட்டுக்குள் வரவே கூடாதவை நான்கு. முதலாவது, தண்ணீரில் போட்டால் ஊதும் வாட்டர் பீட்ஸ் என்ற குட்டி மணிகள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைக்கும். இறப்பும் நடந்து, 2023இல் அமெரிக்காவின் பெரிய கடைகள் அதைக் குழந்தைகளுக்கு விற்பதை நிறுத்தின. அதே வழுவழுப்புக்கு ஜவ்வரிசியை வேகவைத்து, பீட்ரூட் சாறோ மஞ்சளோ கலந்து ஆறவிட்டுக் கொடுங்கள். தின்றாலும் பரவாயில்லை. இரண்டாவது, திருகு இல்லாத மூடிக்குள் பட்டன் பேட்டரி உள்ள எதுவும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்றாவது, குட்டிக் காந்த உருண்டைகள். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளைச் சேர்த்துக் கவ்வி ஓட்டை போட்டுவிடும். நான்காவது நம் ஊர்ச் சரக்கு: குன்றிமணி. பல்லாங்குழிக்கும் பிள்ளையார் கண்ணுக்கும் பயன்படும் அந்த அழகான விதை, கடித்து மென்றால் உயிரைப் பறிக்கும் விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. பழைய பல்லாங்குழிப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: சமையலறையில் தேடுங்கள்

அகலத் தாம்பாளத்தில் அரிசியோ கம்போ கொட்டி உள்ளே கரண்டி, சங்கு, மரச் செப்பு ஒளித்து வைத்துத் தேடச் சொல்லலாம். வாயில் போடும் பிள்ளைக்கு இதெல்லாம் கொழுக்கட்டை மாவாக மாறட்டும். உப்புப் போடாமல் பிசையுங்கள், உப்பு மாவை நிறையத் தின்றால் ஆபத்து. கோலமாவு வேண்டாம், கல்தூள் மூச்சில் ஏறும். அரிசி மாவில் கோலம் கிறுக்கட்டும். மொபைலில் வரும் 'சென்சரி வீடியோ'வில் தொடவும் பிசையவும் ஒன்றுமில்லை, அதைப் பொம்மைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: காசும் உதவியும்

'இந்தப் பொம்மையால் பேச்சு வரும்' என்று சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். ஜீன் அயர்ஸின் கோட்பாட்டிலிருந்து வந்த புலன் ஒருங்கிணைப்பு தெரபி பற்றிய சான்றுகளே குறைவு, முடிவானவை இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2012இல் எழுதியது. தெரபிக்கே அந்த நிலை. பொம்மை பிள்ளையை அமைதியாக்கலாம், கைக்கு வேலை தரலாம், உங்களோடு சேர்ந்து விளையாட ஒரு சாக்கு ஆகலாம். அதற்கு எவ்வளவு தரலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வாங்குமுன் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பிள்ளையைப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலத் தலையீட்டு மையங்களில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பொம்மைக்குக் கிடைக்காது, தெரபிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம்.

எட்டாம் படி: கொடுத்துப் பார்த்தல்

ஒரு நேரத்தில் ஒரு பொம்மை. முடிந்தால் தெரபி சென்டரிலோ தெரிந்தவர் வீட்டிலோ முதலில் விளையாட விட்டுப் பாருங்கள். வீட்டில் தரையில் வைத்துவிட்டு நீங்கள் விளையாடுங்கள், பிள்ளை வரட்டும். முகத்தைத் திருப்புவது, கையை இழுத்துக்கொள்வது, உடம்பை விறைப்பது எல்லாமே 'வேண்டாம்' என்பதுதான், பேச்சு வராத பிள்ளையும் தெளிவாகத்தான் சொல்கிறது. பத்து நிமிட விளையாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எப்படி இருக்கிறது என்பதை நோட்டில் எழுதுங்கள். விளையாடும்போது சிரித்துவிட்டு அப்புறம் அடங்காமல் ஓடுகிறதென்றால் அந்தப் பொம்மைக்குக் காலை நேரம் சரி, இரவு சரிவராது. இரண்டு வாரம் பார்த்தும் தொடவில்லையா? பரணில் போடுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்தால் புதுப் பொம்மையாகத் தெரியலாம்.

காரைக் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், பிடுங்கி 'இப்படி ஓட்டணும்' என்று பாடம் எடுக்காதீர்கள். இன்னொரு காரை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பல் பதிந்து கிழிந்த கடிப்பானைத் தூக்கிப் போடுங்கள். நல்லதாக இருந்தால் உறையில் வெந்நீரில் போடலாம் என்று எழுதியிருக்கிறதா பார்த்துக் கொதிக்க வையுங்கள். ஊஞ்சல் கயிறு கொக்கியில் உரசும் இடத்தில் இழை பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். பேட்டரி மூடியின் திருகு இறுக்கமாக இருக்கட்டும். அரிசித் தாம்பாளத்தில் வண்டு வந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.